வாய்க்கால் வெட்ட யார் வருவார்?

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றின் தண்ணீர் கள்ளக்குறிச்சி வயல்களை எட்ட, வாய்க்காலில் யாராவது மண்வெட்டி பிடித்தாக வேண்டும். வேலைக்கு வராதவர் வயலிலும் அதே தண்ணீர்தான் பாயும். பிறகு ஏன் ஒருவர் வர வேண்டும்?

இதற்கு விடை தேட ஒரு சமன்பாடு உதவும். 1978இல் டெய்லர், ஜான்கர் என்ற ஆய்வாளர்கள் உயிரியலுக்காக எழுதிய அது சொல்வது எளிது: சராசரியைவிட அதிக ஆதாயம் தரும் நடத்தை பரவும், மற்றது தேயும். தம்மைத் தாமே நகலெடுக்கும் மூலக்கூறுகளின் வேதியியலுக்கும் இதே வடிவம்தான் என்று 1983இல் ஷஸ்டர், சிக்மண்ட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதை வாய்க்காலுக்குப் போட்டுப் பார்த்தால், தண்டனை இல்லாத ஊரில் ஒத்துழைப்பு பூஜ்யத்துக்கு இறங்குகிறது. வேலை செய்பவர்களே வராதவருக்கு அபராதம் போட்டால் கதை மாறும். வருபவர் பெருகப் பெருக அபராதமும் கனக்கும். வேதியியலின் தன்வினையூக்கம் போலவே, விளைவே வேகத்தைக் கூட்டுகிறது. நடுவில் ஒரு வரம்பு. அதைத் தாண்டினால் எல்லாரும் வருவார்கள், தாண்டாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

ஆழ்துளைக் கிணறு அந்த வரம்பை உயர்த்துகிறது. கிணறு உள்ளவருக்கு வாய்க்கால் தூர்ந்து போனாலும் நட்டம் குறைவு. அபராத யோசனை புதிதல்ல. குடிமராமத்துக்கு, அதாவது ஊரார் கூடிச் செய்யும் நீர்நிலைப் பராமரிப்புக்கு, வராதவரிடம் பணம் வசூலிக்க 1858லேயே சென்னை மாகாணத்துக்குச் சட்டம் வந்தது, கணக்கெல்லாம் தெரியாமலே!

சமன்பாட்டில் ஓர் ஓட்டையும் உண்டு. சோதனைக் குழாய்க் கரைசலில் ஒரே வகை மூலக்கூறுகள் எல்லாம் ஒன்றே. ஊரில் முதலில் தண்ணீர் பெறும் தலைமடைக்காரரும் கடைசியில் பெறும் கடைமடைக்காரரும் ஒன்றல்ல.