முதல் மழையும் எங்கள் கிணறுகளும்

மழைநீர் தூயதுதான், நகர வீதியைத் தொட்டதும் அதன் குணம் மாறிவிடுகிறது. கோடை முழுவதும் வீதியில் படிந்த ஒயில், ரயர்த் துகள், பிறேக்கிலிருந்து உதிரும் செம்பு, கால்நடைக் கழிவு யாவற்றையும் மாரியின் முதல் மழை கழுவிச் செல்கிறது. வறட்சி நீண்டால் படிவு கூடும். பின்னர் பெருமழை கொட்டினால் அத்தனையும் ஒன்றாக இறங்கும். காலநிலை மாற்றத்தால் இவ்விரண்டும் கூடக்கூடும்.

சமூக மாற்றமும் சேர்கிறது. வாகனங்கள் பெருகுகின்றன, மண் முற்றங்கள் சீமெந்தாகின்றன, நீர் ஊற இடமில்லை. நகரோரத் தாழ்நிலங்களில் தங்கியுள்ள இடம்பெயர்ந்த குடும்பங்களின் வளவுகளுக்கே அவ்வெள்ளம் வருகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக அழுக்கு விரைவில் கிணற்றை அடையும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையால் குடாநாடு வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை.

ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டது. நஞ்சைத் தோன்றும் இடத்திலேயே தடுக்கலாம் என்பதற்கு இது சான்று. நாமும் கழிவொயிலை வாய்க்காலில் ஊற்றாதிருப்போம். மாரிக்கு முன் வாய்க்காலைத் துப்புரவாக்குவோம். கிணற்றுக் கட்டை உயர்த்துவோம். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, குளோரின் இடுவோம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஒயில் போகாது.