அமெரிக்கா போகும் மிக்ஸியும் ஒரு டிரான்ஸ்பார்மரும்

மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்க, ஆறு மாதம் அங்கே தங்கி வரப் புறப்படும் பெற்றோர் நம் சங்கக் குடும்பங்களில் பலர் உண்டு. பெட்டி கட்டும்போது எழும் முதல் கேள்வி, "நம்ம மிக்ஸி அங்கே ஓடுமா?" என்பதுதான். "நீங்கள் ரயில்வே என்ஜினீயர் ஆயிற்றே, வீட்டிலேயே ஒரு கன்வர்ட்டர் செய்து கொடுங்களேன்" என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு. செய்யலாம். ஆனால் அதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். லண்டன், சிங்கப்பூர், துபாய் செல்வோருக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே பிளக் மட்டும்தான் மாறும்.

நம் மிக்ஸியை அமெரிக்காவில் நேரே செருகினால் முனகும், அரைக்காது. அங்கிருந்து கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டியை இங்கே செருகினால் கதை வேறு. வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சில நிமிடங்களில் கருகிவிடும்.

வோல்ட்டை மாற்றுவது டிரான்ஸ்பார்மர். இரும்புத் தகடுகளை அடுக்கி, அதன்மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். 500 வாட் மிக்ஸிக்கு 1000 வாட் டிரான்ஸ்பார்மர் தேவை. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரே கம்பியைச் சுற்றி, நடுவில் ஒரு முனை எடுக்கும் 'ஆட்டோ' முறையில் இரும்பு பாதிதான் ஆகும். நடுத்தண்டின் குறுக்களவு 25 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு வோல்ட்டுக்கு ஒன்றரைச் சுற்று. 180ஆவது சுற்றில் 120 வோல்ட் முனை, 345ஆவது சுற்றில் 230 வோல்ட் முனை. 16 கேஜ் கம்பி போதும். 120 வோல்ட் பக்கம் 10 ஆம்பியர் பியூஸ் அவசியம். எர்த் கம்பி அறுபடாமல் பிளக்கிலிருந்து மிக்ஸி வரை செல்ல வேண்டும்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்த முறையில் வீட்டு லைனும் கருவியும் ஒரே கம்பியில் இணைந்தே இருக்கும். அமெரிக்கச் சாமானை இங்கே ஓட்ட அதையே திருப்பிப் போட்டு, கீழ்ச்சுற்று எங்காவது அறுந்தால், முழு 230 வோல்ட்டும் அந்தச் சாமானுக்குள் பாயும். எடையோ ஏழு கிலோவைத் தாண்டும்!

இன்னொன்று: டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார். அதற்கு 50, 60 பேதமில்லை. வெட் கிரைண்டரில் இருப்பது பெரும்பாலும் இண்டக்ஷன் மோட்டார். அது 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுழலும், இழுக்கும் பலமும் குறையும். மாவு கெட்டியாக இருந்தால் திணறிச் சூடாகும். பயணத்துக்கென்று கையடக்கமாக விற்கும் எலக்ட்ரானிக் கன்வர்ட்டர்களில் பல, சூடாக்கும் காயில் உள்ள சாமான்களுக்கு மட்டுமே ஆனவை. மிக்ஸியை அதில் மாட்டக் கூடாது.

ஆகவே பெட்டி கட்டும் முன் ஒவ்வொரு சாமானின் அடியில் உள்ள தகட்டைப் படியுங்கள். '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் பிளக் மாற்றி ஒன்றே போதும். செல்போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான். '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால் அது இங்கேயே இருக்கட்டும். நம் கம்பெனிகளே 110 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் செய்து விற்கின்றன. அங்கே நிரந்தரமாக இருப்பவர்களுக்கு அதுவே நல்லது.

நானும் மேற்சொன்ன கணக்குப்படி ஒன்று சுற்றினேன். நன்றாகவே வேலை செய்தது. ஆயினும் மகள் வீட்டுக்கு அதை அனுப்பவில்லை. அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் கட்டியவை. வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்க நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். என் கைவேலையில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் சோதனைச் சான்று இல்லாத ஒரு பெட்டியை, நான் இல்லாத வீட்டில் இரவும் பகலும் செருகி வைக்க மனம் வரவில்லை. அது என் மேஜையடியில் இருக்கிறது. சுற்றிப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் வந்தால் சொல்லித் தருகிறேன்.