காது கேட்கிறது, சொல் விளங்கவில்லை: இதுவும் வலது குறைவா?

"பிள்ளையின் காதில் குறையொன்றும் இல்லை" என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கிறார்கள். "சொல்வது ஒன்றும் இவனுக்குக் காதில் ஏறுவதில்லை" என்று வகுப்பாசிரியை முறையிடுகிறார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இடையில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைப்பது 'கவனமில்லாதவன்', 'மொக்கன்' என்ற பெயரும், கடைசி வாங்கும், சில இடங்களில் அடியும்தான்.

இத்தகைய பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது வைத்தியர்கள் 'ஓடிற்றரி புறொசெசிங் டிஸோடர்' என அழைக்கும் நிலையாகும். இங்கு அதனைக் 'கேட்டுணர்தல் குறைபாடு' என்போம். அப்படியொரு பெயர் கிடைத்துவிட்டால் பாடசாலை அதனை வலது குறைவாக ஏற்று உதவ வேண்டுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். விடை ஒரே சொல்லில் அடங்காது.

முதலில் குறைபாடு என்னவென்று பார்ப்போம். வயல் செய்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. குளம் நிரம்பியிருக்கிறது, துருசும் திறந்திருக்கிறது, ஆனால் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஒழுங்காய் வந்து சேராது. காது துருசு போன்றது. அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செல்லும் ஒலியை மூளை வேறுபிரித்து, வரிசைப்படுத்தி, சொல்லாக்க வேண்டும். அந்த வேலை தடைப்படும்போது ஒலி கேட்கும். 'பட்டு' என்றாரா 'பத்து' என்றாரா என்பது பிடிபடாது. அமைதியான அறையில் ஒருவர் மட்டும் பேசினால் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். நான்கு பேர் ஒன்றாகப் பேசினால், அல்லது ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால், தொடர் அறுந்துவிடும்.

இது புதிதாய்க் கற்பித்த கதையல்ல. மூளையின் பக்கப் பகுதியில் கட்டி வளர்ந்த நோயாளர்களை 1950களில் இத்தாலிய வைத்தியர்கள் சோதித்தபோது, சாதாரண ஒலிச் சோதனையில் அவர்கள் தேறினர். ஆனால் தெளிவு குறைக்கப்பட்ட பேச்சைப் புரிந்துகொள்ள இயலாமல் திணறினர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குண்டுவெடிப்பு அதிர்ச்சிக்குள்ளாகித் திரும்பிய அமெரிக்கப் படைவீரரிடமும் பிற்காலத்தில் இதே நிலை காணப்பட்டது. ஷெல் விழுந்த ஊர்களிலிருந்து வந்த நாம் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. எனினும் பெரும்பாலான பிள்ளைகளில் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடிவதில்லை.

காதுக்குள் 'பீப்' ஒலி கேட்கிறதா என்று பார்க்கும் வழமையான சோதனையில் இது அகப்படாது. இரு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தல், இரைச்சலின் நடுவே சொற்களைக் கேட்கச் செய்தல் போன்ற வேறு சோதனைகள் உள்ளன. ஏழு வயதுக்கு முன் அவற்றின் முடிவை நம்புவது கடினம். சோதனைச் சொற்கள் பிள்ளையின் தாய்மொழியில் இருக்கவும் வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த பிள்ளையை ஆங்கிலச் சொற்களாலோ சிங்களச் சொற்களாலோ சோதித்து 'குறைபாடு உண்டு' என்று எழுதினால் அந்தக் காகிதத்துக்குப் பெறுமதியில்லை.

அதற்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நெருக்கமான கொட்டில்களில் தடிமனும் இருமலும் மாறிமாறி வரும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கலாம், சீழ் வடியலாம். அப்போது கேட்கும் திறன் ஒரு கிழமை குறைந்தும் மறுகிழமை கூடியும் இருக்கும். 'நினைத்தால் கேட்கிறான், நினைக்காவிட்டால் கேட்கிறானில்லை' என்று தாய் சொல்வது பல வேளைகளில் இதைத்தான். இது சிகிச்சையால் பெரும்பாலும் மாறக்கூடியது. காதுக்குள் எண்ணெயோ வெங்காயச் சாறோ ஊற்ற வேண்டாம். சீழ் வடியும் காதைக் குளத்து நீரில் நனைய விடவும் வேண்டாம். காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது சுகாதார வைத்திய அதிகாரியிடம் காதைப் பற்றி நீங்களாகவே சொல்லுங்கள். வரிசை நீளமானது, கேட்காதவரிடம் அவர்கள் வந்து கேட்கமாட்டார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். இக்குறைபாட்டைப் பற்றி மிக அதிகமாக வழக்காடியிருப்பது அமெரிக்காவில்தான். அங்கு விசேட கல்விச் சட்டத்தில் 13 வகைகள் உள்ளன. கேட்டுணர்தல் குறைபாடு அவற்றில் தனி வகையாக இல்லை. ஆனால் பேசும் அல்லது எழுதும் மொழியை விளங்கிக்கொள்வதில் உள்ள கோளாறு 'குறித்த கற்றல் குறைபாடு' என்ற வகைக்குள் அடங்கும். அந்த வழியால் பலர் உதவி பெறுகின்றனர். கலிபோர்னியாவில் எழுந்த ஒரு வழக்கில் 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், இது 'பிற உடல்நலக் குறைபாடு' என்ற வகைக்குள்ளும் வரலாம் என ஏற்றுக்கொண்டது. ஆயினும் அந்த மாணவனின் குடும்பம் வழக்கில் வெல்லவில்லை. அந்த வகைக்குரிய நிபந்தனைகள் அவனிடம் நிறைவேறியதாகக் காட்டப்படவில்லை என்பதே காரணம். பெயர் இருந்தும் பாதிப்புக்குச் சான்று போதவில்லை.

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் நோயின் பெயரைத் தேடுவதில்லை. அன்றாட வேலைகளைச் செய்யும் ஆற்றலைக் குறிப்பிடத்தக்க அளவில், நீண்டகாலமாகப் பாதிக்கிறதா என்றே கேட்கிறது. நீண்டகாலம் என்பது பொதுவாக 12 மாதங்கள். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு மாறாக 21 குறைபாடுகளைப் பட்டியலிட்டுள்ளது. அதன்படி செவிப்புலன் குறைந்தவர் எனப்பட, நன்றாகக் கேட்கும் காதிலேயே 60 டெசிபல் இழப்பாவது இருக்க வேண்டும். எமது பிள்ளைக்கு அந்த இழப்பு இல்லையே! ஆனால் அதே பட்டியலிலுள்ள 'குறித்த கற்றல் குறைபாடு' என்பதன் விளக்கத்தில் பேச்சுமொழியை விளங்கிக்கொள்ளும் கோளாறும் சேர்ந்துள்ளது. தமிழ்நாட்டு முகாம்களில் உறவினர் உள்ளவர்கள் இந்த வேறுபாட்டை அவர்களுக்கு எழுதலாம். 'செவிப்புலன்' என்று கேட்டால் இல்லையென்பார்கள். 'கற்றல்' என்று கேட்டால் வழியுண்டு.

எமது நாட்டில் நிலைமை என்ன? வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைவால், பிறவியிலே வந்ததாயினும் அல்லாததாயினும், தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே உறுதிசெய்ய முடியாதவரையே அது வலது குறைந்தவர் என்கிறது. இந்த வரைவிலக்கணம் குறுகியது என்பது எமது கருத்து. உண்ணவும் உடுக்கவும் ஆடு மேய்க்கவும் தெரிந்த ஒரு பிள்ளை, வகுப்பில் சொல்வதை மட்டும் பிடிக்க முடியாமல் தவிக்கும்போது, அதனை இதற்குள் சேர்ப்பது சிரமம். 'பகுதியாகவோ' என்ற சொல்லை வைத்து வாதாடலாம்; வெற்றி நிச்சயமில்லை. அந்த வரைவிலக்கணத்துள் சேர்ந்தவருக்கு, அக்குறையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்ற பாதுகாப்பை அச்சட்டம் தருகிறது.

2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் சமவாயம் இன்னும் அகலமானது. நீண்டகாலப் புலன் குறைவு, சூழலிலுள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவரின் பங்கேற்பைத் தடுக்குமாயின் அது வலது குறைவே என்கிறது. 24ஆம் உறுப்புரை பாடசாலையில் நியாயமான வசதி செய்துகொடுக்கச் சொல்கிறது. சமவாயம் தானாகவே நாட்டுச் சட்டமாகிவிடாது. ஆனால் அதிகாரியிடம் எடுத்துக்காட்ட உதவும். அரசியலமைப்பின் 12(4)ஆம் உறுப்புரையோ, பிள்ளைகளின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்வது சமத்துவத்துக்கு முரணல்ல என்கிறது. "ஒரு பிள்ளைக்குச் செய்தால் எல்லாருக்கும் செய்யவேணும்" என்று கூறும் அதிபருக்கு இதுவே பதில்.

வைத்தியர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்தில்லை என்பதை மறைக்கக் கூடாது. 2010இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 6 முதல் 11 வயது வரையான ஏறக்குறைய 1,500 பிள்ளைகள் சோதிக்கப்பட்டனர். கேட்டு விளங்குவதில் பின்தங்கியோரில் பெரும்பாலாருக்குக் காரணம் ஒலியைப் பகுப்பதிலுள்ள பிழையைவிடக் கவனத்தை நிலைநிறுத்துவதில் உள்ள சிரமமே என ஆய்வாளர் கண்டனர். மொழி வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளையும் இதேபோலத்தான் தோன்றும். நெஞ்சில் பயத்தோடு, இரவில் நித்திரையின்றி வகுப்புக்கு வரும் பிள்ளையும் அப்படித்தான். ஆகவே இந்தப் பெயரைப் பெறுவதற்காகக் கடன்பட்டுக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை என்றே நாம் சொல்வோம். எந்தக் காரணமாயினும் வகுப்பில் தேவைப்படும் உதவி பெரும்பாலும் ஒன்றே. அதில் அதிகமானது பணம் கேட்பதுமில்லை.

அந்த உதவி எது? பிள்ளையை முன்வாங்கில், ஆசிரியரின் முகம் தெரியும் இடத்தில் இருத்துதல் முதலாவது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் குறையும். கடைசி வாங்கு எவ்வளவு தண்டனையென்று இதிலிருந்து தெரியும். "கொப்பியை எடுத்து, 20ஆம் பக்கத்தைத் திறந்து, மூன்றாம் கணக்கைச் செய்து, என்னிடம் கொண்டுவா" என்று ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லலாம். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிடலாம். "விளங்கினதோ?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "ஓம் ரீச்சர்" என்றுதான் சொல்லும். "நான் என்ன சொன்னனான், சொல்லு பாப்பம்" என்று கேட்பதே சரி. சொல்வதெழுதலில் தவறிய சொல்லை உதட்டைக் காட்டி மறுபடி சொல்ல வேண்டும்.

தகரக் கூரையின் கீழ் மழை பெய்தால் நல்ல காதுள்ள பிள்ளைக்கும் ஒன்றும் கேட்காது. ஆளில்லாத வகுப்பறையில் இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாதென்பது அமெரிக்க நியமம். எமது கொட்டகைகளுக்கு அது கனவு. ஆனாலும் தகரத்துக்குக் கீழே கிடுகு வரிந்து கட்டினால் இரைச்சல் குறையும். இரு வகுப்புகளுக்கு இடையில் பழைய பாய்களையும் சாக்குகளையும் தொங்கவிடலாம். பெற்றோர் ஒரு சிரமதானத்தில் செய்துவிடக்கூடிய வேலை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்.

இவற்றைக் கேட்க எவரும் 'வலது குறைந்தவர்' என்ற சான்றிதழ் வைத்திருக்க வேண்டியதில்லை. விசேட கல்வி அலகில் சேர்ப்பதற்கோ, பரீட்சையில் மேலதிக நேரம் பெறுவதற்கோ வைத்தியச் சான்று அவசியமாகலாம். ஆனால் விசேட அலகுக்கு மாற்றுவோம் என்று பாடசாலை கூறினால் யோசித்துச் சம்மதியுங்கள். எழுத்தில் நன்றாய்ச் செய்யும் பிள்ளைக்குத் தேவை வேறு வகுப்பல்ல, இருந்த வகுப்பில் வேறு இடம்.

பாடசாலை செவிசாய்க்காவிட்டால் கடிதம் எழுதுங்கள். அதிபருக்கு எழுதி, வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதி அனுப்பலாம். நோயின் பெயரில் தொடங்க வேண்டாம். பாதிப்பையே எழுதுங்கள். உதாரணமாக:

"எனது மகள் 4ஆம் தரத்தில் கற்கிறாள். வாசித்துச் செய்யும் கணக்குகளைச் சரியாகச் செய்கிறாள். வாயால் சொல்லும் கணக்குகளில் பத்தில் இரண்டுக்குமேல் செய்வதில்லை. சத்தமான இடத்தில் சொல்வதை மாறி விளங்கிக்கொள்கிறாள். இது ஒரு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. காதுச் சோதனையில் குறை இல்லையென வந்துள்ளது, பிரதி இணைத்துள்ளேன். அவளை முன்வாங்கில் இருத்தி, வீட்டுப்பாடத்தை எழுத்தில் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் உள்ள எண்கள் உங்கள் பிள்ளையின் கொப்பியிலிருந்து வர வேண்டும். இரண்டு கிழமைக்கு எங்கே தவறியது, எங்கே தவறவில்லை என்று திகதியோடு குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பங்கு அலுவலகத்திலோ முன்பள்ளி ஆசிரியையிடமோ சொல்லி எழுதுவிக்கலாம்.

கடிதத்தின் பிரதி, கிளினிக் கொப்பி, காதுச் சோதனைத் தாள் ஆகியவற்றைப் பிறப்புச் சான்றிதழோடு ஒரே பொலித்தீன் பையில் வைத்திருங்கள். இன்னோர் இடத்துக்குப் போக நேர்ந்தால், விடுகைப் பத்திரத்தில் இந்த விடயங்கள் இராது. எந்த வாங்கில் இருத்தினார்கள், என்ன செய்தபோது பிள்ளை முன்னேறியது என்று வகுப்பாசிரியரிடம் அரைப்பக்கம் தனியாக எழுதி வாங்கி, புதிய பாடசாலையில் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.