லயத்து வீடும் வேலைப் பாஸும்

மலாக்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜாலான் பெண்டஹாரா பக்கம் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் இரண்டு தமிழ் காதில் விழும். ஒன்று ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா தோட்டங்களில் பிறந்து டவுனுக்கு வந்து சேர்ந்தவர்களின் தமிழ். வார்த்தைக்கு வார்த்தை ஒரு ‘லா’ ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றது அண்மையில் விமானம் ஏறி வந்த தமிழ். பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் சிப் தயாரிக்கும் கம்பெனியின் கோயம்புத்தூர் இன்ஜினியர், புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்து விரிவுரையாளர், அந்தக் கடையிலேயே பரோட்டா அடிக்கும் ராமநாதபுரத்துத் தம்பி. பேச்சு கிரிக்கெட்டில் தொடங்கினாலும் சினிமாவில் தொடங்கினாலும் இரண்டாவது கிளாஸ் தே தாரேக்குக்குள் பாஸ் பக்கம் வந்துவிடும்.

“அண்ணே, வேற கம்பெனியில கூட ரெண்டாயிரம் வெள்ளி தர்றேங்கறான். இருக்கிற பாஸை அப்படியே அங்க மாத்திக்கலாம்ல?”

மாற்ற முடியாது தம்பி. பாஸை மாற்றுவது என்று நாம் பேச்சில் சொல்வது, ஆபீஸ் கணக்கில் ஒரு பாஸை முடித்துவிட்டு இன்னொரு பாஸைப் புதிதாக வாங்குவது. இரண்டுக்கும் நடுவில் சில நாளோ சில வாரமோ ஒரு இடைவெளி விழும். வம்பெல்லாம் அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் இதை விளக்க எனக்கு ஒரு வழி உண்டு. பாஸ் என்பது லயத்து வீடு மாதிரி. குடியிருப்பது நாம், சுவரில் மாட்டிய சாமி படம் நம்முடையது, பின்னால் நட்ட முருங்கையும் நம்முடையது. ஆனால் வீடு தோட்டத்துடையது. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள்கணக்கில், பெயர் போனால் வீடும் போகும். அடுத்த தோட்டத்தில் வேலை கிடைத்தால் அங்கே வேறு வீடு. யாரும் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனதில்லை.

இப்படிக் கேட்ட கோயம்புத்தூர் இன்ஜினியரிடம் அவருடைய ஒப்புதல் கடிதத்தைக் கைப்பேசியில் திறக்கச் சொன்னேன். மூன்று விஷயத்தை மட்டும் பாருங்கள் என்றேன்: கம்பெனியின் பெயர், பதவியின் பெயர், காலம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பாஸ். அதில் முதலாவது மாறினால் பாஸ் செத்தது. இரண்டாவது மாறினாலும், அதே கம்பெனிக்குள் பதவி உயர்வாகவே இருந்தாலும், குடிநுழைவுத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மூன்றாவது முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கக் கிளம்பிவிட வேண்டும். பாஸ்போர்ட்டில் எத்தனை மாதம் மிச்சம் இருக்கிறது என்றும் அதே மூச்சில் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் காலம் குறைவாக இருப்பதால் பாஸுக்கும் காலம் குறைந்து வருவது இங்கே சகஜம்.

அவர் கையில் இருப்பது ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’, பேச்சில் இ.பி. பட்டம் படித்தவர்கள், நிபுணர்கள், மேலாளர்களுக்கானது. பட்டம் இருந்தால் மூன்று வருட அனுபவம், டிப்ளோமா என்றால் ஐந்து வருடம் கேட்பார்கள். விண்ணப்பிப்பது ஆள் அல்ல, கம்பெனி. அதுவும் குடிநுழைவுத் துறையின் வெளிநாட்டு நிபுணர் சேவைப் பிரிவில், இ.எஸ்.டி. என்பார்கள், பதிவு செய்த கம்பெனியாக இருக்க வேண்டும். முழுக்க உள்ளூர்க்காரர்களின் கம்பெனி என்றால் செலுத்தப்பட்ட மூலதனம் 2,50,000 வெள்ளி. உள்ளூரும் வெளியூரும் சேர்ந்தது என்றால் 3,50,000. முழுக்க வெளிநாட்டவருடையது என்றால் 5,00,000. அதனால் கூட ரெண்டாயிரம் தருகிறவரிடம் முதலில் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல், “உங்க கம்பெனி இ.எஸ்.டி.யில பதிவாகியிருக்கா?” என்று கேட்க வேண்டும். “அதெல்லாம் பண்ணிக்கலாம் தம்பி” என்று பதில் வந்தால், இருக்கும் வேலையை விடாதீர்கள்.

பதிவு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பழைய கம்பெனி விடுவிப்புக் கடிதம் தர வேண்டும், பாஸை முன்கூட்டியே முடித்துக் கொடுக்க வேண்டும். புதுக் கம்பெனி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். நடுவில் நாட்டுக்குள் இருக்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு சிறப்புப் பாஸ் உண்டு. 30 நாள் வரைதான் ஓடும், அதில் வேலை செய்யக் கூடாது. புதுக் கம்பெனியின் மேலாளர் “சும்மா வந்து உட்காருங்க, பழகிக்கலாம்” என்று கூப்பிடுவார். அந்தச் சும்மா உட்காருவதும் வேலைதான்.

பலரைத் திடுக்கிட வைப்பது கடைசிச் சம்பளம். வேலையை முடித்துக்கொண்டு நாட்டை விட்டுப் போகும் வெளிநாட்டவரைப் பற்றிக் கம்பெனி 30 நாளுக்கு முன்பே சிபி21 என்ற படிவத்தில் வருமான வரி வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். கொடுக்க வேண்டிய பணத்தையும் வரிக் கணக்கு முடிந்த கடிதம் வரும்வரை, அதிகம் போனால் 90 நாள், நிறுத்தி வைக்க வேண்டும். இது கம்பெனி செய்யும் அநியாயம் அல்ல. நிறுத்தாமல் கொடுத்தால் வரிப் பாக்கி கம்பெனியின் தலையில் விழும். ஆனால் வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் 90 நாள் காத்திருக்காது. கையில் மூன்று மாதச் செலவு இல்லாதவர் வேலையை விட்டுக் கிளம்புவதைத் தள்ளிப்போடுவது மேல். வருடத் தொடக்கத்தில் வந்து ஐந்தாறு மாதத்தில் கிளம்புகிறவர்களுக்கு இன்னொன்று: வரிக் கணக்கில் இங்கே வசிப்பவர் என்று பெயர் வாங்கப் பொதுவாக வருடத்தில் 182 நாள் இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால் சம்பளத்துக்கு 30 விழுக்காடு வரி, எந்தக் கழிவும் கிடையாது.

இனி பரோட்டா மாஸ்டர். அவரும் வேலைக்கு வந்த வெளிநாட்டவர்தான், ஆனால் அவர் பாஸ் வேறு வகை: தற்காலிக வேலைக்கான வருகைப் பாஸ், மலாய்ச் சுருக்கத்தில் பி.எல்.கே.எஸ். நம் ஆட்கள் வெறுமனே ‘பெர்மிட்’ என்பார்கள். உணவகம், தோட்டம், கட்டுமானம் என்று துறைவாரியாக, நாடுவாரியாக ஒதுக்கீடு. முதலாளி லெவி கட்ட வேண்டும்: தீபகற்பத்தில் உணவகம் போன்ற சேவைத் துறைக்கு ஆளுக்கு வருடம் 1,850 வெள்ளி, தோட்டத்துக்கு 640. ஃபோமிமா மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. இ.பி.யும் பெர்மிட்டும் ஒரே ஏணியின் மேல்படி கீழ்ப்படி என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றிலிருந்து ஏறி மற்றதற்குப் போக வழி வைக்கவே இல்லை. ஊரில் கேட்டரிங் டிப்ளோமா வைத்திருக்கும் அந்தத் தம்பி, பெரிய ஹோட்டலில் செஃப் ஆக இ.பி.யில் சேர ஆசைப்பட்டால், பெர்மிட்டை முறையாக முடித்து, ஊருக்குப் போய், அந்த ஹோட்டல் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியபின், அதைக் காட்டி எடுக்கும் விசாவோடு திரும்பி வர வேண்டும். “உள்ளேயே மாத்தித் தர்றேன், எட்டாயிரம் வெள்ளி ஆகும்” என்கிற ஏஜெண்டிடம் எட்டாயிரமும் போகும், இருக்கிற பெர்மிட்டும் போகும்.

சுற்றுலா வழியும் இப்படித்தான். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வந்து போக முடிகிறது. வந்து மாமன் வீட்டில் தங்கலாம், கோயிலுக்குப் போகலாம், கோட்டையைப் பார்க்கலாம். மாமன் கடையில் நின்று தட்டுக் கழுவினால் அது சட்டமீறல். மாட்டினால் மாமனுக்கும் கேடு: 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவில், பாஸ் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கல்யாணம் செய்து வந்த பெண்களின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கணவர் இ.பி.யில் இருக்கும் வெளிநாட்டவர் என்றால் மனைவிக்கு டிபெண்டண்ட் பாஸ். அதில் வேலை செய்யக் கூடாது; வேலை கிடைத்தால் அதை விட்டுவிட்டுத் தன் பெயரில் இ.பி. வாங்க வேண்டும். கணவர் மலேசியர் என்றால் நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ். அதில் ‘எந்த வேலையும் செய்யத் தடை’ என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, பொறியியல் படித்த பெண்கள் வருடக்கணக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்கு அனுமதி கேட்டு அந்தப் பாஸிலேயே பதிவு வாங்கலாம் என்பது அவர்களில் பலருக்கு யாரும் சொல்லாத சேதி. கணவரையும் கூட்டிக்கொண்டு ஆயர் குரோவில் இருக்கும் மாநிலக் குடிநுழைவு அலுவலகத்தில் கேட்க வேண்டிய காரியம் இது. இந்த நாட்டில் தாயாகிப் பிள்ளை வளர்ப்பவரை இத்தனை நாள் வேலைக்கு அண்டவிடாமல் வைத்திருந்தது எனக்கு என்றைக்கும் சரியாகப் படவில்லை.

இனி, நாம் மாறாமல் நம் வகை மட்டும் மாறும் கதை. 2017 செப்டம்பர் முதல் இ.பி.யில் மூன்று வகை இருந்தது. மாதச் சம்பளம் 10,000 வெள்ளியும் அதற்கு மேலும் முதல் வகை. ஐந்து வருடம் வரை பாஸ். 5,000 முதல் 9,999 வரை இரண்டாம் வகை. இரண்டு வருடம் வரை. 3,000 முதல் 4,999 வரை மூன்றாம் வகை. ஒரு வருடம், அதுவும் இரண்டு முறைதான் புதுப்பிக்க முடிந்தது, குடும்பத்தைக் கூட்டி வர முடியவில்லை. 2026 ஜனவரியில் உள்துறை அமைச்சு புதுக் கணக்கை அறிவித்தது: ஜூன் 1இலிருந்து முதல் வகைக்கு 20,000, இரண்டாம் வகைக்கு 10,000, மூன்றாம் வகைக்கு 5,000. ஏழாயிரம் வாங்கும் நம் இன்ஜினியர் அதே நாற்காலியில், அதே மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே இரண்டாம் வகையிலிருந்து மூன்றாம் வகைக்கு வந்துவிடுகிறார். நாலாயிரத்து ஐந்நூறு வாங்குகிறவருக்கு வகையே இல்லை. அதனால் நண்பருக்குப் போன வருடம் நடந்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விண்ணப்பம் போகும் நாளில் எந்த எல்லை நடப்பில் இருக்கிறதோ அதுதான் செல்லும்.

இந்த ஊரில் வெளியூர்க்காரர்களை வகை பிரிப்பது புதிதல்ல. சுல்தான்கள் காலத்திலேயே மலாக்காத் துறைமுகத்தில் நான்கு ஷாபண்டர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்களுக்கும் வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கும் ஒருவர், ஜாவாப் பக்கத்தாருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர். ஆனால் இந்தத் தேநீர்க் கடைக்காரரின் அம்மா போன்ற பெரியவர்களின் நினைவில் இருப்பது அதுவல்ல, 1969தான். 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது. 1969 மே இனக் கலவரத்துக்குப் பிறகு அது கறாராக நடப்புக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐசி வைத்திருந்த பால்மரத் தொழிலாளிகள், முப்பது வருடமாக அதே நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒரே நாளில் வெளிநாட்டுத் தொழிலாளி ஆனார்கள். குடியுரிமைக்கு மனுப் போடாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை: பிறப்புப் பத்திரம் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது, தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கேட்கத் தயக்கம், தோட்டத்தை விட்டு யார் அனுப்பப்போகிறார்கள் என்ற நம்பிக்கை. நாடு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 60,000 பேர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்லும் கணக்கு. அவர்களில் இங்கேயே பிறந்து, நாகப்பட்டினத்தைக் கண்ணால் பார்க்காதவர்களும் உண்டு. இன்றைய இன்ஜினியருக்குப் போக ஊர் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. அந்தத் துயரமும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும், தான் அசையாமல் நின்றாலே பத்திரம் என்ற நினைப்பு அன்றைக்கும் பொய்த்தது.

இ.பி.யைத் தாண்டி, ஆளின் பெயரிலேயே நிற்கும் ஒரு பாஸ் இருக்கிறது: ரெசிடென்ஸ் பாஸ் டேலண்ட். 2011இல் டேலண்ட்கார்ப் என்ற அரசு நிறுவனம் வழியாகக் கொண்டுவந்தது. பத்து வருடம் வரை செல்லும். கம்பெனி மாறினாலும் பாஸ் கூடவே வரும். வாழ்க்கைத் துணையும் தனியாகப் பாஸ் இல்லாமல் வேலை பார்க்கலாம். இதற்கு இங்கேயே மூன்று வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், மாதச் சம்பளம் 15,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது. மலாக்காச் சம்பளத்துக்கு இது எட்டாத உயரம்தான். மூத்த மருத்துவர்கள், பேராசிரியர்கள், தொழிற்சாலை மேலாளர்கள் சிலருக்கு எட்டும். எட்டுகிறவர்கள் இ.பி.யை மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டு இருப்பானேன்?

பரோட்டா மாஸ்டர் அடுப்பை விட்டு வந்து கடைசியில் ஒன்று கேட்டார். அவர் அண்ணன் வேறு ஊரில் வேலை செய்கிறாராம். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாராம். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் எல்லா முதலாளியும் சொல்வார்கள். தகுந்த அதிகாரம் இல்லாமல் அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டத்தில் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்து வருடம் வரை சிறையும் உண்டு. “அண்ணனை முதல்ல மரியாதையாக் கேட்கச் சொல்லுங்க. தரலைன்னா தொழிலாளர் இலாகாவுல போய்ச் சொல்லணும், கே.எல்.ல இருக்கிற நம்ம இந்தியத் தூதரகத்துலயும் சொல்லணும். பாஸ்போர்ட்டோட முதல் பக்கத்தையும் பெர்மிட் பக்கத்தையும் போன்ல படம் எடுத்து உங்களுக்கு ஒண்ணு, ஊர்ல அண்ணிக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க.” அவர் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டார்.

இன்ஜினியருக்கும் ஒரு சின்ன விஷயம் பாக்கி. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஊழியர் சேமநிதி கட்டாயம்: சம்பளத்தில் அவர் 2 விழுக்காடு, கம்பெனி 2 விழுக்காடு. கம்பெனி மாறினால் அதே கணக்கு தொடரும். நாட்டை விட்டே போனால் எடுத்துக்கொள்ளலாம். கணக்கு எண்ணை வாங்கினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். திங்கட்கிழமை அதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன்.