சம்பள ஞாயிறும் சினிமாவும்

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நடந்தும் பஸ்ஸேறியும் ஹட்டன் டவுனுக்கு வந்த சனங்களுக்குக் கடைச் சாமானோடு ஒரு படமும் வேண்டியிருந்தது. வாரமெல்லாம் பெரட்டில் (காலை ஆளெடுப்பில்) பேர் கொடுத்து, கொழுந்து நிறுத்துக் கூலி வாங்கியவர்கள், கலரி டிக்கட் எடுத்துத் தங்கள் சொந்தக் காசில் உட்கார்ந்த இடம் தியேட்டர். நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். இந்தச் சனங்களுக்கு இந்திய நடிகர் மட்டுமல்ல, நம்ம ஊர்ப் பிள்ளை.

அந்தக் காலத்தில் படம் ஓட்டுபவரின் அறையில் திரைக்கு ஒளி தர இரண்டு கரிக்குச்சிகள் நுனியோடு நுனி நெருங்கி எரியும். எரிய எரியக் குட்டையாகும் அவற்றை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கவனம் பிசகினால் திரை மங்கிவிடும். ஆயிரம் அடிப் படச்சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துபோகும்.

திரையில் தங்களையே பார்க்க மலையக மக்கள் 1975 வரை காத்திருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வீ. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ அந்த ஆண்டு வந்தது, இயக்கியவர் எஸ். ராமநாதன். கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டதும் அதே ஆண்டில்தான். கணேசன் பிறகு ‘நான் உங்கள் தோழன்’ (1978), ‘நாடு போற்ற வாழ்க’ (1981) படங்களையும் எடுத்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய இந்தப் படங்கள்தாம் நம் பெரிய சொத்து.

1983 ஜூலை வன்செயலில் தமிழருக்குச் சொந்தமான தியேட்டர்கள் எரிக்கப்பட்டன. அதற்குப் பிறகு சினிமா தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலுக்கே வந்தது: வாடகை வீடியோ டெக், ஒரு டீவி, பனியில் போர்வை போர்த்தி விடிய விடிய மூன்று படம்.