லாரிக்கு இரண்டு பிறந்த ஊர்!

ராமேஸ்வரத்தில் இருந்து மீன் ஏற்றிக்கொண்டு பாம்பன் சாலைப் பாலத்தைக் கடக்கும் லாரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? 1988-ல் இந்தப் பாலம் திறக்கும் வரை, ரயில் பாலம் ஒன்றுதான் தீவைக் கரையோடு இணைத்தது.

பல லாரிகளுக்கு இரண்டு பிறந்த ஊர் உண்டு! இன்ஜின், சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் நீண்ட இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்த அடிப்பகுதிக்கு 'சேஸிஸ்' என்று பெயர். எண்ணூர் அசோக் லேலண்ட் போன்ற தொழிற்சாலைகளில் இது தயாராகும். அதன்மேல் மரத்தாலும் இரும்பாலும் 'பாடி' கட்டுவது நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில்.

கடலோரத்தில் ஓடும் லாரிக்கு உப்புக் காற்றுதான் எதிரி. பாடி துருப்பிடித்தால் புதிதாகக் கட்டிவிடலாம். அதனால், பாடியைப் பார்த்து வண்டியின் வயதைச் சொல்ல முடியாது! வெளித்தோற்றத்தை நம்பி பிரேக் பாகம் வாங்கினால் பொருந்தாமல் போகலாம். அது ஆபத்து!

அப்போது கைகொடுப்பது சேஸிஸ் எண். இரும்புச் சட்டத்திலேயே இதைப் பொறித்திருப்பார்கள். மெக்கானிக் துருவைத் தேய்த்து எடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார். அதைச் சொன்னால் சரியான பாகம் கிடைக்கும். பழைய வண்டிகளில் இந்த எண் சிறியது. பின்னர் வந்தவற்றில் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17 இருக்கும். இந்தியாவில் தயாரானது என்றால் முதல் எழுத்து 'எம்'. ஆங்கில எழுத்துகள் ஐ, ஓ, க்யூ மட்டும் வரவே வராது. ஏன் தெரியுமா? 1, 0 என்று யாரும் தவறாகப் படித்துவிடக் கூடாதே!

பாடியின் கதவு, பலகைகளை எப்படி மாற்றுவது? தையல்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போல, பட்டறையில் அளவெடுத்துத்தான் செய்வார்கள்!