காய்ச்சல் இல்லாமலும் மலேரியா இருக்கலாம்

ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த மூத்தோருக்குக் குளிர்க்காய்ச்சல் புதிதல்ல. உடல் நடுங்கும், கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். பிறகு கசப்பான கொய்னா மருந்து. ஆனால், மலேரியாக் கிருமி எப்போதும் இப்படித் தெரியும்படி வருவதில்லை.

கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது?

மலேரியா அடிக்கடி தாக்கிய ஊர்களில் வாழ்வோரின் உடல், கிருமியை ஓரளவு அடக்கி வைக்கப் பழகிவிடுகிறது. காய்ச்சல் இருக்காது, கிருமி இருக்கும். இந்தோனேசியாவின் பாப்புவாவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இத்தகையவர்களின் இரத்த ஓட்டத்தில் இருந்ததைவிட மண்ணீரலில் பல மடங்கு அதிகமான கிருமிகள் காணப்பட்டன. வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கி, மீண்டும் எழும். மலேரியே வகை, பல பத்தாண்டுகள்கூட இரத்தத்தில் தங்கக்கூடும்.

உடலுக்கு என்ன கேடு?

• சிவப்பணுக்கள் மெல்ல அழிவதால் இரத்தச் சோகை ஏற்படும். சோர்வும் மூச்சு வாங்குவதும் வயதால் வந்தவை என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம்.
• மண்ணீரல் வீங்கலாம். இடது விலாவுக்குக் கீழே கனமாகத் தோன்றும்.
• மலேரியே வகை, சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.
• கொசு மூலமும் இரத்த தானம் மூலமும் கிருமி பிறருக்குச் செல்லலாம். கர்ப்பிணிகளுக்குத் தொற்றினால் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும்.

ஜொகூரில் நமக்கு என்ன கவலை?

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா, 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. இருப்பினும், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலசி மலேரியா நம் நாட்டில் உண்டு. இக்கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். முதியோருக்கு நோய் விரைவில் கடுமையாகலாம். சபாவில் நோயாளிகளின் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் சோதித்தபோது, நோய் அறிகுறியே இல்லாத சிலரிடமும் இக்கிருமி இருந்தது. இந்தியாவில் மலேரியா இன்னும் இருப்பதால், அங்கே உறவினர்களைப் பார்க்கச் சென்று திரும்புவோரும் கவனமாக இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• காய்ச்சலோ காரணம் தெரியாத சோர்வோ இருந்தால், அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். அண்மையில் காடு, பழத்தோட்டம், செம்பனைத் தோட்டம் அல்லது வெளிநாடு சென்றிருந்தால், டாக்டர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.
• கிருமி குறைவாக இருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம். மறுபடி இரத்தம் கொடுக்கச் சொன்னால் தயங்காதீர்கள்.
• உடல் தேறிவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். கல்லீரலில் உறங்கும் கிருமியை அழிக்கத் தனி மருந்து உண்டு. அதைத் தரும் முன் ஜி6பிடி இரத்தச் சோதனை தேவை. டாக்டர் சொல்லாமல் அதை உட்கொள்ள வேண்டாம்.
• தோட்டத்துக்கோ காட்டோரத்துக்கோ போகும்போது நீளக் கை சட்டை அணிந்து, கொசு விரட்டி பூசிக்கொள்ளுங்கள். மாலை மயங்கும் முன் வீடு திரும்புங்கள்.

மலேரியா குணப்படுத்தக்கூடிய நோய். வயதாகிவிட்டது என்று சோர்வைப் பொறுத்துக்கொண்டிராமல், ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.